கையைக் கடிக்காமல் பாறை ஏற

முதலில் கயிறு வாங்காதீர்கள். பாறை ஏற ஆசை வந்துவிட்டது, என்ன வாங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கயிற்றில்தான் ஆரம்பிக்கிறார்கள். படங்களில் கண்ணில் படுவது அதுதானே. சமீபத்தில் எங்கள் அலுவலகத் தம்பி ஒருவர் ஆன்லைன் கடையில் தேர்ந்தெடுத்து வைத்திருந்ததை எனக்கு அனுப்பினார். 70 மீட்டர் கயிறு, பாறையில் அடித்த கொக்கியில் கயிற்றைக் கோர்க்கும் குயிக்டிரா ஒரு டஜன், கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கிரிகிரி, இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டையான ஹார்னஸ், விழுந்தால் தாங்கும் மெத்தையான க்ராஷ் பேட், கூடவே மூக்கு கீழ்நோக்கி வளைந்த, போட்டிக்காரர்கள் போடும் ஷூ ஒன்று. கூட்டிப் பார்த்தால் அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அவர் அதுவரை ஏறியிருந்தது பெங்களூருவில் ஒரு க்ளைம்பிங் ஜிம்மின் சுவர் மட்டும், அதுவும் வாடகை ஷூவில். ஷூவை மட்டும் வேறு மாதிரி மாற்றி, மீதி எல்லாவற்றையும் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்புறம் சரியாகிவிட்டார்.

இந்த விளையாட்டில் காசு மிச்சமாவது மலிவான பொருளைத் தேடிப் பிடிப்பதில் கிடையாது. எதை எப்போது வாங்குவது என்ற வரிசையில் இருக்கிறது. ஏனென்றால் இங்கே சில சாமான்களை இரவல் வாங்கலாம், சிலவற்றை வாடகைக்கு எடுக்கலாம், சிலவற்றை நாமே செய்துகொள்ளலாம், ஒன்றிரண்டை மட்டும் புதிதாக, நல்லதாக, நமக்கென்றே வாங்கியே தீர வேண்டும். எது எந்த வகை என்று தெரியாமல் போனால், கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் தூளை வைக்கும் பைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு ஹார்னஸை யாரோ போட்டுக் கழித்ததாக வாங்குவோம். தலைகீழ்.

எங்கே ஏறப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஜிம்முக்குப் போய் பௌல்டரிங் செய்வதுதான் இப்போதைக்கு என்றால், அதாவது கயிறு இல்லாமல் நாலைந்து மீட்டர் உயரம் ஏறிக் கீழே மெத்தையில் விழுவது, ஷூவும் சாக்கும் இருந்தால் வேலை முடிந்தது. ஹம்பிப் பக்கம் போனாலும் அதே கதைதான், ஆனெகுந்தி வட்டாரத்தில் பாறைகள் பெரும்பாலும் பௌல்டரிங்குக்கு ஏற்றவை, க்ராஷ் பேட் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். பேருந்திலோ ரயிலிலோ அந்தப் பெரிய பஞ்சு மூட்டையைச் சுமந்துகொண்டு போய்ப் பாருங்கள், வாடகை எவ்வளவு பெரிய வரம் என்று புரியும். கர்நாடகத்தின் ராமநகரா, சாவனதுர்கா, பாதாமி என்று கயிற்று ஏற்றத்துக்குப் போவதாக இருந்தால் ஹார்னஸ், கீழே நிற்பவர் கயிற்றைப் பிடித்து விழுபவரை நிறுத்த உதவும் பிலே சாதனம், ஹெல்மெட் எல்லாம் வரும். ஆனால் ஆரம்பத்தில் யாரும் அங்கே தனியாகப் போவதில்லை, போகவும் கூடாது. தெரிந்த குழுவோடுதான் போவீர்கள், அவர்களிடம் கயிறு இருக்கும், குயிக்டிரா இருக்கும், ஆங்கர் போட, அதாவது கயிற்றைப் பாறையில் பத்திரமாக நிலைநிறுத்தத் தெரிந்த ஆள் இருப்பார். நீங்கள் போய்ச் சேரும் முதல் வருடம் அந்தக் குழுவுக்கு உங்கள் கயிறு தேவையே இல்லை. பெட்ரோல் செலவில் பங்கு கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள்.

ஆகவே ஷூ. ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அது ஷூவாகத்தான் இருக்க வேண்டும், அதில் நேரமும் செலவழிக்க வேண்டும்.

வாடகை ஷூவில் என்ன குறை என்று கேட்கலாம். நாற்றத்தை விடுங்கள், ஊரார் கால்பட்டு அது அகன்று போயிருக்கும், நுனி ரப்பர் மழுங்கியிருக்கும், சின்ன விளிம்பில் கால் வைத்தால் நழுவும். நழுவினால் கையை இறுக்கிப் பிடிப்போம், கை பத்து நிமிடத்தில் செத்துவிடும், நமக்குத் தெம்பு இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். நமக்கென்று ஒரு ஷூ வந்ததும் முதலில் மாறுவது காலை நம்பும் பழக்கம்தான். வாரம் ஒரு முறையாவது போகிறவர் என்றால் வாடகைக் காசே சில மாதங்களில் ஷூ விலையில் பாதியைத் தொட்டுவிடும்.

எப்படிப்பட்ட ஷூ? தட்டையானது, ஓரளவு விறைப்பானது, அடி ரப்பர் தடிமனானது. புதிதாக ஏறுகிறவர்கள் காலைத் தூக்கி வைப்பதில்லை, சுவரில் தேய்த்துக்கொண்டே மேலே கொண்டு போவார்கள், அதனால் நுனி சீக்கிரம் தேயும். 5 மில்லிமீட்டர் ரப்பர் இருந்தால் தாங்கும். விலை கூடிய ஷூக்களில் வரும் மெல்லிய, பசைபோல ஒட்டும் ரப்பர் இந்தக் கட்டத்தில் வீண், பாறையின் உப்புத்தாள் சொரசொரப்பில் அது கரைந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம். டெகாத்லானின் சீமோன் ஷூக்களில் கீழ்விலை ரகம் இதற்குப் போதும். சீமோன் என்பது பிரான்சின் சமோனியில் 1860இல் தொடங்கிய பழைய கம்பெனி, பிறகு டெகாத்லான் வாங்கிக்கொண்டது, ஆகவே பெயரைப் பார்த்து உதட்டைப் பிதுக்க வேண்டியதில்லை. இன்னும் கொஞ்சம் போடலாம் என்றால் லா ஸ்போர்ட்டிவாவின் டாரன்டுலேஸ் பல வருடமாக ஆரம்பக்காரர்கள் போட்டுத் தேய்த்த ஷூ. சுமார் 4,000 முதல் 8,000 ரூபாய்க்குள் முடியப் பாருங்கள், அதற்கு மேல் கொடுப்பதற்கு முதல் ஷூவில் காரணம் இல்லை.

அளவுதான் தலைவலி. கடையில் வேலை செய்யும் பையனோ இணையத்தில் யாரோ ஒருவரோ, உங்கள் சாதாரண அளவிலிருந்து இரண்டு குறைத்து வாங்குங்கள் என்பார்கள். கேட்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனியின் அச்சும் வேறு, ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் வேறு. நம்மில் பலர் சின்ன வயதில் வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் திரிந்தவர்கள், முன்பாதம் அகன்று விரல்கள் விரிந்திருக்கும். ஐரோப்பியக் கால் அச்சில் செய்த குறுகலான ஷூவில் நீளம் சரியாக இருக்கும்போதே சுண்டுவிரல் நசுங்கும். அதற்காக ஒரு அளவு பெரிதாக எடுத்தால் குதிகாலில் காற்று நிற்கும், குதிகாலைக் கொக்கி போட்டு இழுக்கும்போது கழன்று வரும். அகல அச்சில் வரும் வேறு மாடலைத் தேடுவதுதான் வழி.

சாயங்காலம் போங்கள், பகல் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது. சாக்ஸ் வேண்டாம். ஷூவைப் போட்டு விரல் நுனிகள் முன்பக்கத்தைத் தொடுகின்றனவா, மேல்கணு லேசாக மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். லேசாக என்றால் லேசாக, கண்ணில் தண்ணீர் வரக்கூடாது. எழுந்து நின்று கடையில் ஏதாவது ஒரு மர விளிம்பில் பெருவிரல் பக்கத்தை மட்டும் வைத்து எடையைப் போடுங்கள், மேனேஜர் பார்த்தால் பார்க்கட்டும். அப்போது பாதம் உள்ளே புரண்டால் ஷூ பெரிது. பத்து நிமிடம் போட்டபடி உட்கார்ந்திருந்து, அதற்குள் கழற்றி எறிய வேண்டும்போல இருந்தால் சிறிது. மேல்பாகம் உள்துணி இல்லாத தோல் என்றால் நாள்பட நெகிழ்ந்து கிட்டத்தட்ட ஒரு அளவு வரை பெரிதாகும், செயற்கைத் துணி என்றால் அவ்வளவாக நெகிழாது. இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அளவை முடிவு செய்யுங்கள். ஜிம்முக்கு வெல்குரோ வசதி, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நடுவில் கழற்றிவிடலாம். நம் ஊர் வியர்வைக்கு அது பெரிய விஷயம்.

ஒரு ஷூவை ரப்பர் தேயத் தேயப் போடலாம், ஆனால் நுனியில் அடி ரப்பர் தேய்ந்து மேலே சுற்றிவரும் மெல்லிய ரப்பர் பட்டை வரை போய்விடும் முன் நிறுத்த வேண்டும். அதற்கு முன் நிறுத்தினால் புது அடி ஒட்டலாம், அதைத் தாண்டி ஓட்டை விழுந்தால் குப்பை. அப்புறம், காரின் டிக்கியில் ஷூவைப் போட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள், பசை விட்டுப் பிளந்துகொண்டு வரும்.

சாக். மெக்னீசியம் கார்பனேட் தூள், அவ்வளவுதான், அதில் மந்திரம் இல்லை. ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் போட்டுக்கொண்டிருந்ததை 1950களில் ஜான் கில் என்ற அமெரிக்கர் பாறைக்குக் கொண்டு வந்தார், அவரே ஒரு ஜிம்னாஸ்ட். பளு தூக்குபவர்களுக்கு விற்கும் கட்டியும் அதுவேதான், விலையில் பாதி. முகத்துக்குப் போடும் பவுடர் அது கிடையாது, சில பேர் போட்டுப் பார்க்கிறார்கள், அது வழுக்கும்.

சாக் பையை நான் கடையில் வாங்கவே இல்லை. தெருமுனைத் தையல்காரரிடம் பழைய ஜீன்ஸின் ஒரு காலைக் கொடுத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் அளவு வெட்டி, அடியில் வட்டமாக மூடி, உள்ளே பழைய ஸ்வெட்டர் துணியை வைத்துத் தைக்கச் சொன்னேன். வாய் மடங்கிப் போகாமல் இருக்க விளிம்பில் மடிப்புக்குள் மின்வயர் ஒன்றை வளையமாகச் செருகினார், அது அவருடைய யோசனை. சுருக்குக் கயிறு, பெல்ட் கோர்க்க இரண்டு காது. என்ன சார் இது, கிளிக்கூண்டுக்குத் தீனிப் பையா என்று கேட்டார். இன்னும் அதுதான் இடுப்பில் தொங்குகிறது. பிரஷ்ஷுக்குப் பழைய டூத் பிரஷ். விரலில் சுற்றும் டேப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் துத்தநாக ஆக்சைடு பிளாஸ்டர் ரோல். தனி பேன்ட் வேண்டாம், முழங்கால் மடங்கும் எதுவும் போதும்.

தையல்காரர் விஷயம் இதோடு நிற்க வேண்டும். பாதாமியில் ஒருவர் ஹார்னஸின் கால்பட்டை நைந்து போனதை பேக் தைப்பவரிடம் கொடுத்து மேலே ஒரு துண்டு வைத்துத் தைத்துப் போட்டு வந்ததைப் பார்த்தேன். தையல் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அன்று அவரை யாரும் கட்ட விடவில்லை, குழுவில் ஒரு அக்கா தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார்.

ஹார்னஸ் புதிதாகத்தான் வாங்க வேண்டும், இரண்டாம் கை வேண்டாம், நண்பனுடையதாக இருந்தாலும் எப்போது வாங்கினான், எங்கே வைத்திருந்தான் என்று தெரியாவிட்டால் வேண்டாம். நைலானுக்கு வயது உண்டு. பெரும்பாலான கம்பெனிகள் துணிச் சாமான்களுக்கு, பெட்டியிலேயே வைத்திருந்தாலும், தயாரித்த நாளிலிருந்து அதிகபட்சம் 10 வருடம் என்று போடுகின்றன. அடிக்கடி போட்டால் அதற்கு வெகு முன்பே கழித்துவிட வேண்டும். அதனால் கடையில் தள்ளுபடி போட்டிருக்கும் ஹார்னஸை எடுத்ததும் விலைச்சீட்டைப் பார்க்கும் முன் உள்பக்கம் தைத்திருக்கும் வெள்ளைத் துணிச்சீட்டைப் புரட்டிப் பாருங்கள். தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். ஐந்து வருடமாகக் கடையில் தூங்கியது என்றால் பாதி ஆயுள் போச்சு, தள்ளுபடியில் அந்தப் பாதியும் கழிந்திருக்கிறதா என்று கணக்குப் போடுங்கள். அதே சீட்டில் ஈஎன் 12277 என்ற எண் இருக்க வேண்டும், அதுதான் ஐரோப்பாவின் ஹார்னஸ் தரம். சிஇ என்ற ஐரோப்பியக் குறிக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், அது தயாரிப்பைக் கண்காணிக்கும் அமைப்பின் எண். வெறும் சிஇ மட்டும் அச்சடித்து எண் எதுவும் இல்லாமல் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். யுஐஏஏ என்பது மலையேற்றச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு, அவர்கள் முத்திரையும் இருந்தால் கூடுதல் நல்லது.

போட்டுப் பார்க்கும்போது இடுப்புப்பட்டை இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும், இறுக்கியபின் கீழே இழுத்தால் இறங்கக் கூடாது. இறுக்கியபின் பக்கிளுக்கு வெளியே நாலு விரல் அகலப் பட்டையாவது மிச்சம் வர வேண்டும், மிச்சமே இல்லை என்றால் அடுத்த அளவு. கடையில் தொங்கிப் பார்க்க வழி இருந்தால் இரண்டு நிமிடம் தொங்குங்கள், நின்றபடி வசதியாக இருப்பது தொங்கும்போது தொடையை அறுக்கலாம். பெண்கள் இடுப்புக்கும் கால்பட்டைக்கும் நடுவே உள்ள உயரத்தைத் தனியாகக் கவனித்துப் பார்ப்பது நல்லது, அது பெண்களுக்கான மாடல்களில் கூடுதலாக வரும். கால்பட்டையைக் கூட்டிக் குறைக்கும் வசதி குளிர் நாட்டில் தடித்த பேன்ட்டுக்கு மேல் போடுபவர்களுக்குத்தான் முக்கியம், ராமநகரா வெயிலில் மெல்லிய டிராக் பேன்ட்டோடு ஏறுகிறவர் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம். சாமான் மாட்டும் கியர் லூப் நாலு இருக்கிறதா, ஆறு இருக்கிறதா என்பதெல்லாம் பிறகு. சுமார் 3,000 முதல் 5,000க்குள் நல்ல ஹார்னஸ் வந்துவிடும்.

இரண்டு பேர் சேர்ந்து ஆரம்பிக்கிறோம், ஒரே ஹார்னஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா என்று சில ஜோடிகள் கேட்பதுண்டு. ஏறுகிறவருக்கும் ஹார்னஸ் வேண்டும், கீழே நின்று கயிறு பிடிப்பவருக்கும் வேண்டும். ஆகவே ஆளுக்கு ஒன்று. பிலே சாதனமும், அதைக் கோர்க்கும் காரபினரும், அதாவது வாய் பூட்டிக்கொள்ளும் உலோகக் கொக்கியும், மட்டும் இருவருக்கும் சேர்த்து ஒரு ஜோடி போதும்.

இப்போது பாரிமுனைக் கதைக்கு வருகிறேன், சென்னைக்காரர்கள் கட்டாயம் ஒருமுறை இதை யோசித்திருப்பார்கள். கட்டட வேலைக்கான பாதுகாப்புச் சாமான் விற்கும் கடையில் முழு உடல் ஹார்னஸ் பாதிக்கும் குறைந்த விலையில் தொங்கும், பக்கத்துக் கடையில் நைலான் கயிறு கிலோ கணக்கில் கிடைக்கும், கொக்கிகள் கனமாக, நம்பிக்கையூட்டும்படி இருக்கும். அந்த ஹார்னஸில் ஐஎஸ் 3521 என்று போட்டிருந்தால் அது நம் நாட்டுத் தரம்தான், சாரத்தில் நிற்பவருக்கு அது நல்ல பொருள். ஆனால் அதன் பிடிமானம் முதுகில் இருக்கிறது. பாறையில் விழுந்தால் முகம் கீழாகத் தொங்குவீர்கள், நம் கயிறு முடிச்சு வர வேண்டியது வயிற்றுக்கு முன்னால்.

கயிறு இன்னும் ஆபத்து. ஏற்றத்துக்கான கயிறு நெகிழும், அதற்காகவே செய்தது. ஈஎன் 892 சோதனையில் 80 கிலோ எடையைக் கட்டி வேகமாக விழவிடுவார்கள், கயிறு அந்த முதல் விழுதலில் 40 சதவீதத்துக்கு மேல் நீளக் கூடாது, எடைக்குப் போகும் அதிர்ச்சி 12 கிலோநியூட்டன் விசையைத் தாண்டக் கூடாது, அறுந்து போகாமல் குறைந்தது ஐந்து விழுதல் தாங்க வேண்டும். கடைக் கயிறு அறுந்துபோகும் என்பதுகூட இரண்டாவது பயம்தான். அது அறாமல் தாங்கினாலும் நெகிழாது, விழுந்த வேகம் முழுக்க உங்கள் இடுப்பிலும் ஆங்கரிலும் போய் முடியும். முகாம்களில் பாறையிலிருந்து இறங்கப் பயன்படுத்தும் ஸ்டாட்டிக் கயிறும், அதாவது அதிகம் நெகிழாத கயிறும், லீட் ஏற்றத்துக்கு, அதாவது ஏறுகிறவரே கயிற்றை மேலே கொண்டுபோய் வழியில் கோர்த்துக்கொண்டு ஏறுவதற்கு, ஆகாது, அது ஈஎன் 1891, இறங்கவும் தொங்கவும் மட்டும்.

காரபினர்களில் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அரை நிமிட வேலை. முதுகுத்தண்டில் பொறித்திருக்கும்: நீளவாக்கில் ஒரு அம்புக்குறியும் 22 என்றும், குறுக்கில் 7 என்றும், வாய் திறந்த படம் போட்டு 6 அல்லது 7 என்றும். எல்லாம் கிலோநியூட்டன், ஒரு கிலோநியூட்டன் என்றால் ஏறத்தாழ நூறு கிலோ எடை தொங்கும் விசை. ஒரே காரபினர் நீளவாக்கில் 22 தாங்குகிறது, குறுக்கே திரும்பினாலோ வாய் திறந்திருந்தாலோ மூன்றில் ஒரு பங்குதான் தாங்குகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லித்தர முடியாது. பிலே சாதனத்தோடு கோர்க்க வாங்குவது பேரிக்காய் வடிவத்தில், திருகிப் பூட்டும் வகையாக, வட்டத்துக்குள் எச் எழுத்து பொறித்ததாக இருக்கட்டும். சாவிக்கொத்துக்கு விற்கும் வண்ண வண்ணக் கொக்கிகளில் ஏறுவதற்கு இல்லை என்று அவர்களே சின்னதாக எழுதியிருப்பார்கள். எழுதாமல் எண் மட்டும் போட்டு, பெயர் தெரியாத கம்பெனியின் பத்துக் காரபினர்கள் ஒரு பீட்சா விலைக்கு ஆன்லைனில் வரும். அவற்றில் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடலாம்.

பிலே சாதனத்துக்கு ஏடிசி மாதிரியான சாதாரணக் குழாய் வகை போதும், காரபினரோடு சேர்த்து 2,500 ரூபாயை ஒட்டி முடியும். அந்த அலுவலகத் தம்பி ஆசைப்பட்ட கிரிகிரி நல்ல சாதனம்தான், பெட்ஸில் என்ற கம்பெனி 1991இல் கொண்டு வந்தது, திடீரென்று இழுபட்டால் கயிற்றைக் கவ்விப் பிடிக்க உதவும். ஆனால் அதுவும் பிரேக் கையைக் கயிற்றிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை, விலையோ பல மடங்கு. உங்கள் குழுவில் எல்லாரும் கிரிகிரியில்தான் பிலே சொல்லித் தருகிறார்கள் என்றால் அவர்களுடையதில் கற்றுக்கொண்டு பிறகு வாங்குங்கள். பழைய முகாம்களில் கொடுக்கும் எட்டு வடிவ வளையம் மலிவு, இறங்க நன்றாகவே இருக்கும், பிலேவுக்குப் பிடிப்பு குறைவு, கயிற்றையும் முறுக்கிவிடும்.

ஹெல்மெட்டுக்கு ஒரு பத்தி போதும், ஆனால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். ஈஎன் 12492 என்று உள்ளே இருக்க வேண்டும். பைக் ஹெல்மெட்டும் சைக்கிள் ஹெல்மெட்டும் வேறு வகை அடிக்குச் செய்தவை. பாறையில் பெரும்பாலும் ஆபத்து மேலிருந்து வருகிறது, நம்மவர் தட்டிவிடும் கல், பாதாமியில் மேலே ஓடும் குரங்கு உதிர்க்கும் சரளை. புகைப்படத்தில் தலைமுடி நன்றாக விழாது என்று கழற்றுபவர்களை நிறையப் பார்க்கிறேன். கீழே நின்று பிலே பிடிப்பவரும் போட வேண்டும், கல் விழுவது அவர் தலையில்தான். இரண்டாம் கை ஹெல்மெட் வேண்டவே வேண்டாம், உள்ளே இருக்கும் நுரை ஒரு பெரிய அடியை வாங்கி நசுங்கியிருந்தால் வெளியே தெரியாது. தேனீக்கு எந்த ஹெல்மெட்டும் உதவாது, ராமநகராவில் மலைத்தேன் கூடு இருக்கும் பக்கம் எது என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். கழுகுச் சரணாலயம் உள்ள ராமதேவர பெட்டா பக்கம் ஏறக் கட்டுப்பாடும் இருக்கிறது.

இரண்டாம் கையில் எது வாங்கலாம் என்றால், ஷூ தாராளமாக வாங்கலாம், அளவு தவறி வாங்கிவிட்டு இரண்டு தடவை போட்டதை விற்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். க்ராஷ் பேடும் அப்படித்தான், குளிர்காலம் முடிந்து வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது தூக்கிக்கொண்டு போக முடியாமல் விற்றுவிட்டுப் போவார்கள். நுரையை முழங்காலால் அழுத்திப் பாருங்கள், தரை தட்டினால் வேண்டாம். உலோகச் சாமான், ஆள் தெரிந்தவராக இருந்தால் மட்டும்: கயிறு ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருக்கிறதா, வாய் தானாக மூடுகிறதா என்று பார்த்து வாங்கலாம். ஹார்னஸ், கயிறு போன்ற உயிரைத் தாங்கும் துணிச் சாமான் எதுவும் கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் நம் எல்லாருக்கும் ஒருவராவது உண்டு. டிசம்பரில் அண்ணன் வருகிறார், சித்தி பையன் வருகிறான், அங்கே தள்ளுபடி. அவர்களிடம் காரபினர், பிலே சாதனம், பிறகு குயிக்டிரா சொல்லுங்கள், இவற்றுக்கு அளவு கிடையாது, பெட்டியில் மூலையில் அடங்கும். ஷூ சொல்லாதீர்கள், போட்டுப் பார்க்காமல் வந்தது பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பவும் முடியாது. கயிறும் வேண்டாம், 60 மீட்டர் கயிறு கிட்டத்தட்ட நாலு கிலோ, வரும் பெட்டியில் அந்த நாலு கிலோவுக்குச் சாக்லேட் சண்டை போடும்.

கடைசியாகக் கயிறு. லீட் ஏறக் கற்றுக்கொண்டு, ஆங்கர் போடத் தெரிந்து, குழுவின் கயிற்றை எதிர்பார்க்காமல் ஞாயிறு காலை இரண்டு பேராகக் கிளம்ப ஆசை வந்துவிட்டது என்றால் அப்போது வாங்குங்கள். முதல் கயிறு 9.8 முதல் 10.2 மில்லிமீட்டர் வரை தடிமன், நுனியில் வட்டத்துக்குள் 1 என்று போட்டிருக்கும் ஒற்றைக் கயிறு. மெல்லிய கயிறு எடை குறைவு, ஆனால் நம் கருங்கல்லின் சொரசொரப்பில் மேலுறை சீக்கிரம் மயிர் விடும், பிலே பிடிக்கவும் பழகாத கைக்கு வழுக்கும். தண்ணீர் உறிஞ்சாத பூச்சு பூசிய கயிறு விலை கூடுதல், அது பனிக்கும் உறைபனிக்கும் ஆனது, மழை வந்தால் நாமே ஏறப் போவதில்லை. அந்தப் பூச்சுக் காசை விட்டுவிடலாம். 60 மீட்டர் என்றால் 30 மீட்டர் உயரம் வரை ஏறி இறக்க முடியும், பாறைக்குப் போகும் முன் அந்த வழியின் உயரம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள், எப்படி இருந்தாலும் மறுமுனையில் ஒரு முடிச்சுப் போடுங்கள். குறைந்தது பத்தாயிரம் ரூபாய் ஆகும், அதனால் இரண்டு பேர் சேர்ந்து வாங்குவது வழக்கம். சேர்ந்து வாங்கினால் யார் எப்போது எடுத்துப் போனார்கள், பெரிய விழுதல் ஏதாவது நடந்ததா என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது வருடம் கயிற்றின் வரலாறு யாருக்கும் தெரியாது.

வீட்டில் எங்கே வைக்கிறோம் என்பதும் செலவில் சேர்த்திதான். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும் மூலைதான் காலியாக இருக்கும், அங்கேதான் எல்லாரும் கயிற்றுப் பையைப் போடுவார்கள். அமிலமும் அதன் ஆவியும் நைலானைச் சத்தமில்லாமல் தின்றுவிடும், வெளியே நிறம்கூட மாறாது. பீரோவுக்கு மேலே வையுங்கள். அழுக்கானால் வாளியில் வெறும் தண்ணீர் விட்டு அலசி, மொட்டை மாடி வெயிலில் காயப்போடாமல் விசிறிக்குக் கீழே விரித்துவிடுங்கள். பாறைக்குப் போனால் மண்ணில் போடாமல் பழைய போர்வையில் போடுங்கள், மண்துகள் உறைக்குள் போய் உள்ளிழைகளை அறுக்கும். முடிச்சுப் போடும் முனை இரண்டு மீட்டர்தான் முதலில் நைந்து போகும், மீதி நன்றாகவே இருக்கும். அந்தத் துண்டைக் கூரிய கத்தியால் வெட்டி, முனையைச் சூடாக்கி உருக்கிவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். அப்படி வெட்டினால் கயிற்றின் நடு அடையாளம் நடுவில் இருக்காது, மொத்த நீளமும் 58 ஆகியிருக்கும், அதை நோட்டில் எழுதிவிட்டுக் கூட வாங்கினவரிடமும் சொல்லிவிடுங்கள்.